ஈர மூட்டை, காய்ந்த மூட்டை

நவம்பர் 11, செவ்வாய்
மழை விட்டது. நல்ல வெயில். மாடியில் நான்கு நாள் துணி. கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும்.

நொச்சிக்குப்பம் கடற்கரைக்குப் போனேன். போன வாரம் நான் எடை பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிளாஸ்டிக் மூட்டைகள் இன்னும் அங்கே கொட்டகையிலேயே. லாரி வரவில்லையாம். சும்மா ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். தனியாகவே தூக்க முடிந்தது. அன்றைக்கு இரண்டு பேர் தூக்கின மூட்டை! அன்று கொட்டுகிற மழை. தண்ணீரையும் சேர்த்து எடை போட்டிருக்கிறேன். மக்கு.

மறுபடி தராசில் ஏற்றினோம். மூன்றில் ஒரு பங்கு காணோம்.

நவ. 12, புதன்
தூக்கமில்லை. அம்மா: "அப்படி என்னடி தப்பு பண்ணிட்ட?" எப்படிச் சொல்ல? தி.நகர் துணிக்கடை எத்தனை கிலோ பிளாஸ்டிக் பை கொடுக்கிறதோ, அத்தனை கிலோவைக் கடற்கரையில் பொறுக்கிவிட்டோம் என்று எங்கள் ஆபீஸ் அந்தக் கடைக்குச் சான்றிதழ் விற்கிறது. எடையைச் சரிபார்ப்பவள் நான். கடையில் அதைப் பெருமையாகப் போர்டே மாட்டிவிட்டார்கள்.

மேனேஜர்: "லாரி ஏறிட்டா யாருக்குத் தெரியப் போகுது? விடுங்க."

விட முடியவில்லை. வேலை போனால் போகட்டும். (வீட்டு லோன்!)

நவ. 13, வியாழன்
தூறல். துணிக்கடை முதலாளியிடம் நேரே போய்ச் சொல்லிவிட்டேன். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எங்கப்பா பஞ்சுக் கடை வச்சிருந்தாரு. எடை கூட்டத் தண்ணி தெளிச்ச பஞ்சு எத்தனையோ பாத்திருக்கோம். வித்தவங்களே வந்து சொன்னது நீங்கதாம்மா. போர்டக் கழட்டிடுறேன். மீதியச் சேத்துக் குடுங்க, அப்புறம் மாட்டிக்கலாம்."

மேனேஜரிடமும் அவரே போனில் பேசிவிட்டாராம். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. வேலை இருக்கிறது. அப்பாடா! கரும்புச் சாறு, இரண்டு கிளாஸ். மதியம் நாற்காலியிலேயே தூங்கினேன்.

நவ. 14, வெள்ளி
வெயில். நொச்சிக்குப்பத்தில் புது மூட்டைகள், சொட்டச் சொட்ட. பொறுக்கும் பெண்களுக்குத் தலைவி செல்வி. இனிமேல் காய்ந்த பிறகுதான் எடை என்றேன்.

இடுப்பில் கை வைத்தாள். "இன்னா மேடம், தண்ணியயும் சேத்துதான தூக்கினு வந்தோம்? அதுக்கு எவன் கூலி குடுப்பான்?"

நியாயம். நோட்டில் இரண்டு கட்டம் போட்டேன். கூலிக்கு ஈர எடை, சான்றிதழுக்குக் காய்ந்த எடை. மேனேஜர் கத்துவார். கத்தட்டும்.

செல்வி எட்டிப் பார்த்தாள். வானத்தையும் பார்த்தாள்.

"அப்ப சீக்கிரம் தராசுல ஏத்து மேடம். வெயில் ஏறிக்கினே போவுது."