அவர் தூங்கினார் என்ற வரி

மார்ச் 4, செவ்வாய்
காலையில் லேபில் அறுபத்திரண்டு ரத்த மாதிரிகள். ஒருவருக்குச் சர்க்கரை 310. "எனக்கு சுகர் இல்லைன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்களே" என்று சண்டைக்கு வந்தார். "வீட்ல ஓட்டெடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். சூப்பர்வைசர் முறைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல இணையக் கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். பன்னிரண்டு வருஷமாக நான் அங்கே காவல். சம்பளமில்லாத உத்தியோகம் என்பார் என் வீட்டுக்காரர். ரயில்வே கேட் விபத்துப் பக்கத்தில் ஒரு வரியை யாரோ இரண்டாவது தடவை அழித்திருக்கிறார்கள்: 'கேட் கீப்பர் தூங்கிவிட்டதால் கேட் மூடப்படவில்லை.' அந்த விபத்தில் பால் வேனில் வந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். வரிக்குக் கீழே மூன்று ஆதாரங்கள் இருக்கின்றன. திரும்பச் சேர்த்துவிட்டு, ஆதாரமில்லாமல் நீக்காதீர்கள் என்று எழுதினேன்.

மார்ச் 6, வியாழன்
அழித்தது அந்த கேட் கீப்பரின் மகளாம். பதில் போட்டிருக்கிறாள்.

"அவர் தூங்கல மேடம். ரயில் வருதுன்னு ஸ்டேஷன்லேர்ந்து போன் வரல, லைன் அறுந்து கிடந்துச்சு. விசாரணை அறிக்கையிலயே இருக்கு. என் பொண்ணு ஸ்கூல்ல இந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு வந்து, தாத்தா நீ தூங்கிட்டியான்னு கேட்டுட்டா. அன்னையிலேர்ந்து மத்தியானம்கூட படுக்க மாட்டேங்கிறார். நாற்காலில நிமிர்ந்தே உக்காந்திருக்கார்."

வழக்கமான பதிலை அனுப்பினேன்: குடும்பத்தினரின் கூற்றை ஆதாரமாக ஏற்க இயலாது. 

மார்ச் 7, வெள்ளி
எழுபதை நெருங்குகிற மனுஷன். நிமிர்ந்தே எவ்வளவு நேரம் உட்கார முடியும்?

மார்ச் 9, ஞாயிறு
அந்த வரியை முதலில் எழுதியது யாரென்று பக்கத்தின் வரலாற்றைப் பார்த்தேன்.

நான்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், விபத்து நடந்த மூன்றாம் நாள். ஆதாரம் எதுவும் கொடுக்கவில்லை. எங்கிருந்து எடுத்தேன்? பஸ்ஸில் சொன்னார்கள், காய்கறிக் கடையில் சொன்னார்கள். ஊரே சொன்னது, எழுதினேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நானோ அதற்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஆதாரங்களின் தேதிகளையும் பார்த்தேன். முதல் செய்தித்தாள் எனக்கு ஒரு வருஷம் பின்னால். அடுத்தது இரண்டு வருஷம். புத்தகம் நாலு வருஷம். மூன்றிலும் என் வாக்கியமே, வார்த்தை மாறாமல். பிறகு யாரோ அவற்றை எடுத்து என் வரிக்கே ஆதாரமாக வைத்திருக்கிறார்கள். நான் பெற்ற பிள்ளைகளே எனக்குச் சாட்சி.

பெயர் ஒட்டாத ரத்த மாதிரிக் குப்பியைத் தொடக்கூட மாட்டேன் நான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்
மகளிடம் முகவரி கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகள் அறிக்கையின் நகலைக் கொடுத்தாள். பதினாலு பக்கம், முத்திரையோடு. ஆறாம் பக்கத்தில் இருக்கிறது: முந்தின நாள் சாயங்காலமே போன் லைன் பழுது என்று கேட் கீப்பர் பதிவேட்டில் எழுதிப் புகார் கொடுத்திருக்கிறார்; அவர் மேல் தவறில்லை. கேட் கீப்பரே தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நிமிர்ந்தேதான். எழுதியது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 13, வியாழன்
வரியை நீக்கினேன். இருபது நிமிஷத்தில் திரும்ப வந்துவிட்டது. போட்டவர் எங்கள் களஞ்சியக் கூட்டத்தில் 'வாத்தியார்' என்று பெயரெடுத்தவர். வீட்டுப் பெட்டியில் இருக்கும் தாள் வெளியான ஆதாரம் ஆகாதாம். ரயில்வே அலுவலகத்தில் கேட்டால், அவ்வளவு பழைய கோப்பை வைத்திருப்பதில்லையாம்.

அந்த மூன்று ஆதாரமும் என் வரியிலிருந்து வந்தவை, அந்த வரி வெறும் கேள்விப்பட்டது என்று ஒப்புக்கொண்டேன். வாத்தியார் கேட்டார்: "அதற்கு ஆதாரம்?"

சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். என்ன ஆச்சு உனக்கு என்று வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

மார்ச் 20, வியாழன்
அந்த வரியை என்ன செய்வது என்று களஞ்சியத்தில் நடந்த கருத்துக்கணிப்பு முடிந்தது. ஏழுக்கு இரண்டு. சமரச வாக்கியம்: 'தூங்கிவிட்டதாகக் கூறப்படுகிறது; குடும்பத்தினர் மறுக்கின்றனர்.' அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த விதிகளில் பாதியை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

மகளுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்போ எங்கப்பா பாதி தூங்கினாரா?" என்றாள். அப்போதுதான் சொன்னேன், முதலில் எழுதியது நான் என்று.  "வச்சிடறேன்" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு
முதலில் அந்தச் செய்தியைப் போட்ட பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். என் பெயர், வேலை, தேதி, அறிக்கையின் நகல், எல்லாம்.

"லேப்ல என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சியா?" என்றார் வீட்டுக்காரர்.

யோசித்தேன். தபாலில் சேர்த்தும் விட்டேன்.

ஏப்ரல் 2, புதன்
ஐந்தாம் பக்கத்தில் வந்துவிட்டது. களஞ்சியத்திலிருந்துதான் எடுத்தோம் என்று பத்திரிகையும் திருத்தம் போட்டிருக்கிறது. சாயங்காலத்துக்குள் வரி போய்விட்டது. களஞ்சியத்தின் விசாரணை முடியும்வரை அங்கே என் கணக்கும் முடக்கம்.

சூப்பர்வைசர் பத்திரிகையை என் மேஜையில் போட்டாள். "ரிசல்ட்டும் இப்படித்தான் எழுதறியா?" இனி என் முடிவுகளை இன்னொருவர் சரிபார்த்துத்தான் அனுப்புவார்களாம். இருபத்தோரு வருஷ வேலை. வலித்தது.

ஏப்ரல் 5, சனி
அந்தப் பக்கத்தில் இன்று புது வரி: 'ஆய்வக ஊழியர் ஒருவர் தெரிந்தே பொய்த் தகவலைச் சேர்த்திருந்தார்.' ஆதாரமும் இருக்கிறது. வேறொரு பத்திரிகை என் கடிதத்தைச் சுருக்கிப் போட்டதாம்.

தெரிந்தே! எவன்டா சொன்னான் தெரிஞ்சேன்னு? எனக்குத் தெரியவே தெரியாதே! — கத்திவிட்டேன். திருத்தப் போனால் கணக்கு முடக்கம். திறந்திருந்தாலும் ஆதாரமாக எதைக் காட்டுவேன்?

ஏப்ரல் 6, ஞாயிறு
பதினொரு மணிக்குப் போன். கேட் கீப்பரேதான்.

"அந்தப் பக்கத்துல 'தெரிஞ்சே'ன்னு போட்டிருக்காங்களேம்மா. அப்படியா?"

"இல்லைங்க ஐயா. எல்லாரும் சொன்னாங்க, நம்பி எழுதிட்டேன். விசாரிக்கல."

"சரி." இருமினார். "என்னை ஒருத்தரும் கேக்கலம்மா. அதான் உன்னைக் கேட்டுட்டேன்."

வைத்துவிட்டார். அன்று அவர் எதிரில் அரைமணி நேரம் உட்கார்ந்து ஆறாம் பக்கத்தைப் படித்தேன். நானும் கேட்கவில்லை.