தம்பி வண்டி கழுவிக்கொண்டிருந்த மதியம்

அக்கா,

திட்டக்குடியிலிருந்து வரும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரம்மா தலைவலித் தைலத்தைத் திறந்து நெற்றியில் தேய்த்தாள். அவ்வளவுதான், அந்த வாசனையோடு நீங்களும் பஸ் ஏறிவிட்டீர்கள். கண்டக்டருக்குத் தெரிந்திருந்தால் உங்களுக்கும் ஒரு டிக்கெட் கிழித்திருப்பார். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் உங்கள் கைப்பையில் அந்தத் தைலம் இருக்கும். "ஊருக்கெல்லாம் சமாதானம் பண்றீங்க, உங்க தலைக்குள்ள யாருக்கா சண்டை போடுறது?" என்று கேட்பேன். நீங்கள் சிரிக்கவே மாட்டீர்கள். "வெயிலு" என்பீர்கள். உங்களைச் சிரிக்க வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமா?

முதல் தடவை உங்கள் சமாதான அமைப்புக்கு ஆள் சேர்க்க எங்கள் பொம்மைக் கம்பெனிக்குச் சாப்பாட்டு நேரத்தில் வந்தீர்கள். அச்சிலிருந்து எடுத்த பீங்கான் பொம்மைகளை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்துவிட்டு, முழங்கை வரை வெள்ளையாக உட்கார்ந்திருந்தோம். பக்கத்து ஊரில் இரண்டு சாதித் தெருவுக்கும் வெட்டுக்குத்து நடந்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வயசுப் பசங்களைப் போன் வழியாகப் பிடித்து, நம்ம ஆளுங்களுக்காக எதையும் செய்யலாம் என்று ஏற்றிவிடுகிற கும்பல்கள் கிளம்பியிருக்கின்றன, அவர்களைத் தடுக்க வீட்டுப் பெண்கள் உங்களோடு சேர வேண்டும் என்றீர்கள். "கூட்டத்துக்கு வந்தா டீ உண்டா?" என்றேன் நான். "டீயும் பன்னும்" என்றீர்கள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அந்தப் பன்னுக்காக வந்தவள்தான் நான். சத்தியமாக அன்றைக்கு வேறு நல்ல எண்ணம் எதுவும் கிடையாது.

பயிற்சிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு சார் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? கும்பலில் சேர்ந்தவனைக் கண்டுபிடிக்கும் அறிகுறிகள் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். வீட்டில் பேச மாட்டான், எந்நேரமும் போனில் இருப்பான், காரணம் இல்லாமல் கோபப்படுவான், எங்கே போகிறான் என்று சொல்ல மாட்டான். எனக்கு நாக்கு நிற்கவில்லை. "சார், இது எங்க வூட்டுக்காரரு. கல்யாணம் ஆனதுலேருந்து இப்படித்தான் இருக்குறாரு. வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுறீங்களா?" மண்டபமே சிரித்தது. அந்த சாரும் சிரித்தார். நீங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த யோசனை எங்கே போய் நின்றது என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்து மோர் குடித்துவிட்டுப் போவீர்கள். என் தம்பி அப்போது எங்களோடுதான் இருந்தான், மோட்டார் மெக்கானிக். திரையில் காட்டிய ஒரு அறிகுறியும் அவனிடம் இல்லை. நன்றாகச் சாப்பிட்டான், அம்மாவுக்கு மாத்திரை வாங்கிவந்தான், எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். நீங்கள் ஒருநாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டீர்கள்.

"செல்வி, ஒன் தம்பி ஒங்கிட்ட வாயாடுறத எப்பேருந்து நிறுத்துனான்?"

நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் நான் ஒன்று சொன்னால் அவன் இரண்டு சொல்வான். என் சமையலைக் கிண்டல் பண்ணாமல் அவன் சோற்றில் கை வைத்ததே இல்லை. அதெல்லாம் எப்போது போனது? அவன் மரியாதைக்காரனாகிவிட்டான் என்று நானும் அம்மாவும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு பார்க்கத் தொடங்கினேன். ஆட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் பெட்ரோல் கேன்கள் இருந்தன. அவன் போனில் பேசியது காதில் விழுந்தது. வேப்பூர் ரோட்டில் மற்றச் சாதித் தெருக்காரர் ஒருவரின் கடை. நாளைக்கு. கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் அவர் குடும்பமே குடியிருந்தது.

உங்களிடம்தான் ஓடிவந்து சொன்னேன். நீங்கள் தைலத்தைத் தேடவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். தம்பி வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல. இங்கேருந்து ஸ்டேஷனுக்குப் போறேன், எல்லாத்தயும் சொல்லுவேன். ஒங்கிட்ட மறைச்சிட்டுப் போவக்கூடாதுன்னு வந்தேன். நீயே வரேன்னா கூடவே நிக்கிறேன்."

"எங்க வூட்டு விஷயத்துல தலையிட நீங்க யாருங்க?"

"அந்தக் கடைக்குள்ள ஒரு கெழவி படுத்த படுக்கையா கெடக்குது. அதுவும் ஒரு வூட்டு விஷயந்தான்."

அவன் என் பக்கம் திரும்பினான். "நீ சொன்னியா?"

நீங்கள் எனக்காகப் பதில் சொல்வீர்கள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஊரெல்லாம் அளக்கிற என் வாயில் அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. "ஆமாம்டா."

வாளியை எட்டி உதைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாம் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். வழி நெடுக என் கையை நீங்கள் விடவில்லை. அன்று சாயங்காலமே அவனையும் கூட்டாளிகளையும் பிடித்துவிட்டார்கள். கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா மண்ணை வாரி என் தலையில் தூற்றினாள். நீங்கள் குறுக்கே வந்து நின்றதில் பாதி மண் உங்கள் தலையில் விழுந்தது.

அதோடு உங்கள் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். நீங்கள் நினைக்கவில்லை. கடலூர் ஜெயிலுக்கு மனு போட்டுப் பார்க்கப் போனீர்கள், அவன் வர மறுத்தான். ஜாமீனில் வந்த பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட் வராந்தாவில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். ஒரு புத்திமதி கிடையாது. எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தை பெஞ்சில் வைப்பீர்கள், அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், கோர்ட் கலைந்ததும் அதை எடுத்துக்கொண்டு வருவீர்கள். வழியில் நான்தான் தின்பேன். "இத அவன் திங்காததுக்குக் காரணம் கோவம் இல்லக்கா, மூக்கு நல்லா வேலை செய்யுது" என்பேன்.

ஒரு வாய்தாவில் ஜட்ஜ் வர நேரமானது. வெயில் ஏறி அவனுக்குப் பசி தாங்கவில்லை போலிருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்தான். இரண்டு வாய் தின்றான். உங்களைப் பார்க்காமலே சொன்னான்.

"உப்பே இல்ல."

"அடுத்த வாய்தாவுக்குப் போட்டு எடுத்தாரேன்" என்றீர்கள். எழுந்து வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய், தூணுக்குப் பின்னால் நின்று சிரித்தீர்கள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தீர்கள். இத்தனை காலம் நான் தொண்டை வறளப் பேசியும் வராத சிரிப்பு, அவன் முறைத்துக்கொண்டு சொன்ன இரண்டு வார்த்தைக்கு வந்தது. எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. உங்கள் ஆபீசின் சாவி என்னிடம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் கொடுத்துவிட்டார்கள், உங்கள் அமைப்பின் நிலைமையைப் பாருங்கள். போன வாரம் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தாள். மகனைப் பற்றிப் பேச வந்தவள். உட்காராமல் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தம்பியப் போலீசுல புடிச்சிக் குடுத்தவ நீதானா?"

"நாந்தாங்க."

"அவன் இப்ப ஒங்கிட்ட பேசுறானா?"

"பேசுறாங்க. வேலைக்கும் போறான்."

இங்கேயே நிறுத்தியிருந்தால் அவள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு வாசலில் நீங்கள் ஏன் எனக்காகப் பதில் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது. அவரவர் உண்மையை அவரவர்தான் சொல்ல வேண்டும், என்ன நடக்கும் என்பதையும் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் ஒருத்தர் வீட்டுக்குள் காலை வைக்க வேண்டும். நீங்கள் அதை வாயால் சொல்லித் தந்ததில்லை. இருந்தும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

"எங்கம்மா மட்டும் இன்னும் பேசலைங்க. பக்கத்துலதான் இருக்குறாங்க. நான் ஆக்கிக் குடுத்தா சாப்புடுறது இல்ல."

அவள் கண் கலங்கியது. வாசலைப் பார்த்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன், தடுக்கவில்லை. பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எம் மவன் பேரு..." என்று ஆரம்பித்தாள், அக்கா.