ஊதாப்பூத் தேத்தண்ணி

ஜூன் 16, 2024

லில்லெஸ்ட்ரோமுக்குப் போய் வந்தோம். நான் சமைக்கிற பார்ணஹாகேயில், அதுதான் பாலர் பள்ளியில், பிள்ளைகளைப் பார்க்கிற லூக்காஸுக்கு அங்கே தகப்பன் விட்டுப்போன காணி. தண்டவாளப் பக்கத்து மூலை ஒரே ஈரம், தானியம் வராதாம். அங்கே தானாக வளர்ந்து நிற்பது யெய்த்ராம்ஸ். ரயிலில் போனால் வழியெல்லாம் தெரிகிற அந்த ஊதாப்பூச் செடிதான். உரம் வேண்டாம், மருந்து வேண்டாம், இலையைப் பறித்தால் அடுத்த வருடமும் வரும். கடைத் தேயிலை கிடைக்காத காலத்தில் இதில்தான் தேநீர் போட்டார்களாம்.

“ஒரு கோடை செய்து பார். யாராவது வாங்கினால் மூலையை நீயே வைத்துக்கொள். இல்லாவிட்டால் உழுது புல் விதைப்பேன்” என்றான் லூக்காஸ்.

என் மனுசன் குகநேசன் காரை விட்டு இறங்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை களை பார்க்க வந்த பஸ் சாரதி உலகத்திலேயே தான் ஒருவர்தானாம்.

ஜூன் 30

இலையை வாட்டி, உள்ளங்கையில் உருட்டி, போத்தலில் அடைத்து வைத்தேன். கறுத்து ஆப்பிள் வாசம் வந்ததும் ஓவனில் காயவைத்தேன். வீடு முழுக்க போட்ஸ்ஃபியோர்ட்.

அனஸ்ரேசியா இப்படித்தான் செய்வாள். 1992, வடக்கே போட்ஸ்ஃபியோர்டில் மீன் தொழிற்சாலை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து, அவள் ரஷ்யாவிலிருந்து. இரண்டு பேருக்கும் நொர்வேஜிய மொழி ஒழுங்காக வராது. பக்கத்தில் பக்கத்தில் நின்று மீன் வெட்டுவோம். இடைவேளைக்கு அவள் பிளாஸ்கைத் திறப்பாள். விறைத்த கையால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாமல் சிரித்த சிரிப்பு — பிறகு நான் அப்படிச் சிரித்ததேயில்லை. அப்போது அது கஷ்டகாலம் என்றுதான் நினைத்தேன்.

குடித்துப் பார்த்தேன். அந்த ருசி இல்லை.

ஜூலை 7

மூன்றாம் தரம். இல்லை.

அவருக்கும் கொடுத்தேன். பாலும் சீனியும் போட்டதில் இலையின் ருசி போன இடம் தெரியவில்லை.

“சாயம் காணாது. குடிச்சாப் போலையும் இல்லை.”

“இதிலை கஃபேன் இல்லை.”

“அப்ப ஏன் குடிக்கிறது?”

கேட்டவர் ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி குடிக்கிற மனுசன்.

ஜூலை 20

குரூனர்லொக்காவில் கடை வைத்திருக்கும் யூலியா, லூக்காஸின் சிநேகிதி, எடுக்கச் சம்மதித்தாள். தூக்கத்தைக் கெடுக்கிற கஃபேன் ஒத்துக்கொள்ளாத ஆட்கள் கேட்டு வருகிறார்களாம். பொட்டலத்தில் ‘கஃபேன் இல்லை’ என்று பெரிதாக எழுதச் சொன்னாள். நன்றாகப் போனால் தொடர்ந்து எடுப்பாள். காணி எனக்குத்தான்!

ஓகஸ்ட் 3

பொட்டலம் கட்டி முடிந்தது. கேட்காமலே குகநேசனும் வந்து உதவினார். அதிசயம்தான்.

ஓகஸ்ட் 17

யூலியா போன் எடுத்தாள். எல்லோரும் திரும்ப வந்து கேட்கிறார்களாம். “காலையில் ஒரு கோப்பை குடித்தேன், தூக்கமெல்லாம் பறந்துவிட்டது” என்றாள். கஃபேன் இல்லாத இலையில் தூக்கம் எப்படிப் பறக்கும்?

வீட்டிலிருந்த பொட்டலம் ஒன்றை உடைத்து ஊற்றிக் குடித்தேன். அதேதான். போட்ஸ்ஃபியோர்ட் ருசி. நின்ற நிலையிலேயே அழுதேன். பிறகு மிச்சத்தைத் தட்டில் கொட்டினேன். உருட்டிய இலைக்கு நடுவே கறுப்பாய்த் தூள். எங்கள் வீட்டுத் தேயிலை.

“கொஞ்சம்தான் போட்டனான்” என்றார். “ஆக்கள் வாங்கவேணுமெல்லே. அந்தக் காணி உமக்குக் கிடைக்கவேணும் எண்டு…”

கத்தினனான். கஃபேன் இல்லை எண்டு என்ரை கையாலை எழுதி ஒட்டினது. நெஞ்சு வருத்தக்காரர் குடிச்சிருந்தா? பிள்ளைத்தாச்சி குடிச்சிருந்தா? ஐயோ, நாளைக்கு அந்தப் பெட்டையின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?

ஓகஸ்ட் 18

சொல்லிவிட்டேன். யூலியா எல்லாவற்றையும் கடைத் தட்டிலிருந்து இறக்கினாள். வாங்கியவர்களுக்கு அறிவிப்பும் எழுதி வாசலில் ஒட்டினாள். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

லூக்காஸ் ஒக்டோபரில் உழுவானாம்.

ஓகஸ்ட் 25

குகநேசனோடு கதைக்கவில்லை. அவர் தானே தேத்தண்ணி போட்டுக் குடிக்கிறார்.

செப்டம்பர் 8

மனம் கேட்கவில்லை. கலப்படம் எப்படி அந்த ருசியாக இருக்கும்? திரொம்சோவில் இருக்கும் அனஸ்ரேசியாவுக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். சிரி சிரி என்று சிரித்தாள்.

“இந்திரா, வெறும் இலையை நீ ஒரு வாய்க்கு மேல் குடிக்கவேயில்லை. வீட்டை நினைத்துச் சாப்பிடாமலும் கிடந்தாய். கடையில் சிலோன் என்று எழுதியிருந்த தேயிலை ஒன்று கண்டேன். அதில் கொஞ்சம் கலந்தேன். சொன்னால் வெட்கப்பட்டுக் குடிக்காமல் விட்டுவிடுவாய் என்று சொல்லவில்லை.”

முப்பது வருடமாக நான் தேடிய ருசி அதுதான். எனக்குத் தெரியாமல் எனக்காகக் கலந்தவர்கள் இரண்டு பேர்.

அவரிடம் சொன்னேன். “அப்ப நான் செய்தது பிழையில்லை” என்றார்.

“பிழைதான்” என்றேன். திரும்பி வந்த பொட்டலங்களில் ஒன்றை உடைத்து இருவருக்கும் போட்டேன்.

ஒக்டோபர் 12

கலக்காத இலை ஒரு டப்பா மிச்சம் இருந்தது. பாலில்லாமல், சீனியில்லாமல், போட்ஸ்ஃபியோர்டை அதில் தேடாமல் குடித்தேன். நல்லாய்த்தான் இருக்கிறது. இத்தனை நாளும் அதைக் குடித்தேனே தவிரக் கவனிக்கவில்லை.

யூலியாவிடம் கொண்டுபோனேன். நெடுநேரம் முகர்ந்தாள். அடுத்த கோடைக்கு எடுப்பாளாம், கட்டும்போது தானும் பக்கத்தில் நிற்பாளாம். லூக்காஸ் மூலையை விட்டுவிட்டு மற்றதை உழுதான்.

அனஸ்ரேசியாவுக்கு ஒரு பொட்டலம் அனுப்பினேன். கலக்காதது. அதற்குள் எதைப் போடுவது என்பது இனி அவள் பாடு.