இராசநாயகம் அப்புக்காத்தரின் கல்வெட்டில் சேர்க்க வேண்டியது

சுன்னாகம்
1946, மாசி

சின்ன ஐயாவுக்கு, வேலி அடைக்கிற பொன்னன் கும்பிட்டு எழுதுவிப்பது.

ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் செத்து, சந்தையும் ஒருநாள் பூட்டிக்கிடந்த வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் அப்பா செத்து ஒரு வருஷம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்குக் கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்க, தெரிந்ததைச் சொல்லும்படி மலாயாவிலிருந்து கேட்டிருந்தீர்கள். தபாற்கந்தோர் வாசலில் கிறிஸ்துநாயகம் எழுதித் தருகிறார். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எதுவும் மறக்காது. அதுவே களைப்பாக இருக்கிறது.

அப்பா ஏழைகளுக்குச் சும்மா வழக்குப் பேசியதையும், அரசாங்க சபைக்குப் போய் எங்கள் தெருவுக்குக் கல் போடுவித்ததையும் எழுதுங்கள். எல்லாம் உண்மை. இதையும் சேருங்கள்.

உங்கள் அம்மாவைப் பெற்றவர், ஊருக்குத் தலைமைக்காரராக இருந்த ஆழ்வாப்பிள்ளை விதானையாரின் வளவுக்கும் விதவை நல்லம்மாவின் வளவுக்கும் நடுவேலியை முப்பது வருஷம் நான்தான் அடைத்தேன். ஒரு வருஷம் விதானையார் வேறு ஆட்களைப் பிடித்து, வேலிக்கு நட்ட கதியால் மரங்களைப் பிடுங்கி நல்லம்மாவின் கிணற்றுக்கு அங்கால் நடுவித்தார். கிணறு அவர் பக்கம் போய்விட்டது. அவள் அப்பாவிடம் அழுதாள். “சட்டத்துக்கு மாமன் மச்சான் இல்லை” என்று அப்பா வழக்கை எடுத்தார். பழைய வேலி நின்ற இடத்துக்கு நான் ஒருவனே சாட்சி.

அதற்குள் அப்பா நின்ற தேர்தல் வந்தது. விதானையார் கை காட்டினால் நாலு ஊர் வோட்டு. வழக்குக்கு முதல்நாள் அப்பா என் கொட்டிலுக்கு வந்தார். இருக்கவில்லை, நின்றபடியே “பொன்னன், நாளைக்கு உனக்கு ஒண்டும் ஞாபகம் வரவேண்டாம்” என்றார். “ஓம் ஐயா” என்றேன். சாட்சிக் கூண்டில் ஏறி மூன்று தரம் தெரியாது என்றேன். “உன்ரை கையாலை நட்ட பூவரசையே தெரியாதோடா?” என்று நல்லம்மா கத்தினாள். நீதிபதி அவளைத்தான் அதட்டினார்.

வழக்குத் தோற்றது, அப்பா தேர்தலில் வென்றார். பிறகு தெருவில் என்னைக் கண்டால் குடையைச் சரித்துக்கொண்டு போவார்.

அந்தக் கிணறு இப்போது உங்கள் பேரில் இருக்கிறது. அவள் தெருமுனைக் கிணற்றுக்குக் குடம் சுமக்கிறாள். வேலியைப் பழைய இடத்துக்கு எடுக்கச் சொல்லி இரண்டு வரி எழுதிவிடுங்கள் ஐயா. இடத்தைக் காட்ட எனக்கு இன்னும் கண் தெரிகிறது; எத்தனை நாளைக்கோ.

நல்லூரான் உங்கள் பிள்ளைகுட்டிகளைக் காக்கட்டும். கைநாட்டு வைத்துவிட்டேன். அன்று வழக்குக் கோட்டில் நின்ற அப்பா இல்லை, விதானையார் இல்லை, நீதிபதியும் போய்விட்டாராம். பொய் சொன்ன என்னை விடுங்கள். இன்னும் உயிரோடு இருப்பது நல்லம்மா.