பஞ்சுவின் தலையில் நல்லெண்ணெய்

தீபாவளிக்கு இரண்டாம் நாள், வியாழன் இரவு.

பஞ்சுவின் முடி இன்னும் கட்டி கட்டியாக ஒட்டிக்கிடக்கிறது. அது மகள் வளர்க்கும் சின்சில்லா. அவளுக்குக் கிள்ளானில் வேலை என்பதால், இங்கே புக்கிட் பெலிம்பிங்கில் நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். பார்க்க அணில் மாதிரிதான், ஆனால் முடி அவ்வளவு அடர்த்தி. கடையில் அதற்கென்றே விற்கும் மண் தூளில் புரள்வதுதான் அதற்குக் குளியல். "தண்ணி, எண்ணெய் ரெண்டும் ஆகாதுப்பா" என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

இந்தத் தீபாவளிக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று விடியற்காலையில் நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கையில் ஊற்றிவிட்டேன். வைக்கத்தான் தலை இல்லை. கூண்டிலிருந்து பஞ்சு என்னையே பார்த்தது. இதுவும் வீட்டுப் பிள்ளைதானே என்று உச்சியில் வைத்து, முதுகுவரை நீவிவிட்டேன்.

பிறகு அது வழக்கம்போல் தூளில் புரண்டது. தூள் எண்ணெயில் குழைந்து சேறாகிவிட்டது. இன்று பார்த்தால் அடியில் தோல் சிவந்திருக்கிறது. மிருக டாக்டர் சோள மாவைத் தூவிச் சீவச் சொன்னார். "கழுவிடாதீங்க அங்கிள், ஈரம் உள்ளயே நின்னு புண்ணாயிடும்." சீவச் சீவ முடி கொத்தாக வருகிறது. அது கத்தவே இல்லை. கத்தினால் தேவலை.

சற்றுமுன் மகள் போன் செய்தாள்.

"பஞ்சு எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கு லா."

"ஞாயித்துக்கிழமை வரேன். எண்ணெய் மிச்சம் வைங்க. உங்க கையாலதான் எனக்கு வைக்கணும்."

சரிம்மா என்றேன். போனைப் பிடித்திருந்த விரல்களில் பஞ்சுவின் முடி ஒட்டிக்கொண்டிருந்தது.