ஆடு தின்ற இலக்கம்

இன்று காலை உம்முடைய மனைவி நம்முடைய கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வந்தார். இறந்துபோன உம்முடைய பங்கு அரிசியை நிறுத்த வேண்டும், கூப்பன் மட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் சேலையிலிருந்து சாம்பிராணி மணம் மேசைக்கு இந்தப் பக்கம் வரை வந்தது.

"அவரின்ரை மட்டையைக் காணேல்லைத் தம்பி. இலக்கமும் எனக்குத் தெரியாது" என்றார்.

பக்கத்திலிருந்த புதுக் கிளாக்கர் பேனையை எடுத்து, "அப்ப பேரைச் சொல்லுங்கோ" என்றான். அவர் தலை குனிந்துகொண்டார். புருஷன் பேரை எங்கள் பெண்கள் வாயால் சொல்லமாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும். வேலை அவசரத்தில் மறந்துவிட்டான்.

உலகச் சண்டை தொடங்கி, அரிசிக்குக் கூப்பன் வந்த புதிதில், இங்கே கிளாக்கர் வேலை பார்த்த நாமிருவரும் இதே சிக்கலில் முட்டுப்பட்டோம். ஆடு கடித்த மட்டையோடு ஒருத்தி வந்தாள். இலக்கம் இருந்த மூலை ஆட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது. புருஷன் பேரைக் கேட்டோம். "அவர் கொழும்பிலை" என்றதோடு வாயை மூடிக்கொண்டாள். அச்சுவேலியிலிருந்து புதிதாகக் குடிவந்தவள், வரிசையில் ஒருவருக்கும் அவளைத் தெரியவில்லை. இடுப்பில் பிள்ளை பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தது.

மனேச்சருக்குப் பொறுமை இல்லை. "ஏதும் ஒரு இலக்கத்தைப் போட்டு அரிசியைக் குடுத்து விடுங்கோ. கட்டம் வெறுமையாக் கிடக்கக்கூடாது."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நீர் மட்டும் பேனையை மூடி வைத்தீர்.

"நாங்கள் போடுற இலக்கம் வேறை ஆரோ ஒருத்தரின்ரை இலக்கம். நாளைக்கு அந்த மனிசன் வெறும் பையோடை திரும்பிப் போவான்."

"அப்ப இவளை வெறுங்கையோடை அனுப்பப் போறீரோ?" என்று மனேச்சர் சீறினார். அதுவும் நியாயந்தான்.

நீர் அவள் பக்கம் திரும்பினீர். "தங்கச்சி, நீங்கள் இருக்கிற காணிக்கு என்ன பேர்?"

"இலுப்பையடி வளவு." பதில் பட்டென்று வந்தது.

எங்களூரில் பேரில்லாத காணி ஏது? கூப்பன்காரரின் பெயர்ப்பதிவு இடாப்பிலும் விலாசம் என்று காணிப் பெயரைத்தான் எழுதியிருந்தோம். நீர் பக்கம் பக்கமாக விரலை ஓட்டினீர். வரிசை முணுமுணுத்தது. "ஐசே, விசர் வேலை பார்க்கிறீர்" என்று நானும் திட்டினேன். கடைசியில் வளவு அகப்பட்டது. அங்கிருந்த பேரை நீரே வாசித்தீர். அவள் வெட்கத்தோடு "ஓம், அவர்தான்" என்றாள். அரிசி அளந்தோம்.

"அவ சொல்லத் தேவையில்லை. நாங்கள் சொல்லி, அவ ஓம் எண்டால் போதும்" என்றீர் பிறகு.

இன்று பையனிடமிருந்து பேனையை வாங்கிக்கொண்டேன். உம்முடைய பேர் எனக்குத் தெரியாதா? இலக்கந்தான் தெரியாது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அதை நான் பார்த்ததேயில்லை. பிறகு வாருங்கள் என்று அவரை அனுப்ப மனம் வரவில்லை. உம்முடைய பேரில் ஊரில் பலர் இருந்ததால், உங்கள் காணிப் பெயரைக் கேட்டு இடாப்பில் தேடினேன்.

அகப்பட்டதும் பேரை வாசிக்க வேண்டியிருந்தது. உம்மை நான் எந்நாளும் 'ஐசே' என்றுதான் கூப்பிட்டேன். உமது முழுப் பெயரை நான் சத்தமாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

உம்முடைய மனைவி நிமிர்ந்து பார்த்து, "ஓம்" என்றார்.

நான் இடாப்பில் உம்முடைய பேரின் மேல் கோடு கீறினேன்.