கீழே ஒன்றும் எழுதாத தலைப்பு

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்புவீர்கள். இப்போது கூப்பிட்டால் எடமலைப்பட்டி புதூர் வீடு அப்படியே கிடக்கிறது.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. முதல் திதிக்கு எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், நம் தேர்வு வழிகாட்டியைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். உங்களைப் போலவே பார்வையில்லாத பிள்ளைகளுக்காக, ரயில்வே ஆபீஸ் விட்டு வந்து நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தது. நானூறு பக்கத்துக்கு மேல் வந்துவிட்டது.

ஒவ்வொரு தலைப்பையும், இது தலைப்பு என்று கணினிக்குப் புரியும்படி குறித்துவைக்கச் சொல்வீர்கள். "எழுத்தைத் தடிமனாப் போட்டா உனக்குத் தெரியும் கமலா, எனக்கு எப்படித் தெரியும்?" குறித்துவைத்தால்தான், ஒரு பொத்தானைத் தட்டியதும் படித்துக்காட்டும் குரல் அடுத்த தலைப்புக்குத் தாவும். இல்லையென்றால் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். நான் ஊர்க்கதை பேசினாலும் விடமாட்டீர்கள். "தலைப்பை மட்டும் சொல்லிட்டுப் போ, வேணுங்கிற இடத்துல நிறுத்துறேன்" என்பீர்கள்.

ஸ்ரீரங்கத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் என் தம்பியிடம், ஒருமுறை ஒழுங்குபடுத்தித் தரச் சொல்லிக் கோப்பைக் கொடுத்தேன். பாசத்தில்தான் செய்தான். குறித்ததையெல்லாம் அழித்துவிட்டு, தலைப்புகளை வண்ண எழுத்தாகப் பெரிதாக்கிவிட்டான். பழைய கோப்பின் மேலேயே சேமித்தும் விட்டான். கடைசித் தலைப்பு இருக்கவே இல்லை. பிறகு கேட்டதற்குச் சொன்னான்:

"கீழ ஒண்ணுமே இல்லாம மொட்டையா இருந்துச்சுக்கா. திதிக்குக் கொடுக்கிறதுல அப்படி இருக்க வேணாமேன்னு எடுத்துட்டேன்."

'தேர்வு அறையில் பயம் வந்தால்' என்ற தலைப்பு அது. ஆஸ்பத்திரி போய் வந்து மிச்சத்தைச் சொல்கிறேன் என்றீர்களே.

இதெல்லாம் தெரியாமல், அழகாக இருக்கிறது என்று நம்பி அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். துவாக்குடியில் தங்கிப் படிக்கிற பார்வையில்லாத பெண் ஒருத்தி நேற்று போன் செய்தாள். "பரீட்சை நெருங்கிருச்சுங்க அக்கா. ஒரு பாடத்தைத் தேடி உள்ள போனா, எங்க நிக்கிறேன்னே தெரியலைங்க." பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்குமேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன். எனக்கும் அதே கதிதான். விடிகிறது, சமைக்கிறேன், இருட்டுகிறது. எதற்கென்று தெரியவில்லை. தம்பியைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

இன்று காலையில் முதல் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். அவள் பரீட்சைக்கு முன்னால் எல்லாத் தலைப்பையும் திரும்பக் குறித்துக் கொடுத்துவிடுவேன், சத்தியமாக. கடைசித் தலைப்பையும் போடுவேன். ஆனால் அதன் கீழே என்ன எழுத? பயம் வந்தால் என்ன செய்யச் சொல்லியிருப்பீர்கள்? அந்தப் பெண் பொத்தானைத் தட்டித் தட்டி அங்கே வந்து சேருவாள். தலைப்பை மட்டும் சொல்லிவிட்டுக் குரல் நின்றுவிடும்.

நானும் அங்கேதான் இருக்கிறேன்.

உங்கள் பொண்டாட்டி,
கமலா